வரிசை எனும் அமானிதம்

காத்திருத்தல் என்னும் நம் தமிழ்ச் சொல்லைப் பிரித்து நோக்குவோர்க்கு, அதனுள் காவல் ஒன்று ஒளிந்திருப்பது புலனாகும். காத்தலும் இருத்தலும் கூடியே அச்சொல் அமைந்துள்ளது. ஏதோ ஒன்றைக் காவல் செய்தபடி இருப்பவனே காத்திருப்பவன். அரபு மொழியிலோ இதனை 'இன்திளார்' என்பர். பார்வையைக் குறிக்கும் 'நளர்' என்னும் வேரிலிருந்து கிளைத்த சொல் அது. வழிமேல் விழி வைத்திருப்பவனே அம்மொழியில் காத்திருப்பவன். இவ்விரு மொழிகளையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வரும் நமக்கு, அவ்விரு பொருளும் ஒருங்கே கண்ணெதிரே விளங்கிய இடம் கணினி விளையாட்டொன்றின் வாயிற்படி என்றால் வாசகப் பெருமக்கள் வியப்புறக் கூடும். வியப்பதற்கு முன் அவ்வாயிற்படியின் இயல்பைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. இன்று நம் இல்லங்களில் அவ்வாயிலில் ஒருமுறையேனும் நின்றறியாத பிள்ளைகள் சிலரே.

கணினி விளையாட்டுகளுள் சில, வீட்டிலுள்ள பெட்டிக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. வேறு சிலவோ, இணையத்தின் வழி எங்கோ தொலைவிலிருக்கும் பெருங்கணினிகளோடு தொடர்பு கொண்டால்தான் இயங்கும். அக்கணினிகளைச் 'சர்வர்' என்றழைக்கின்றனர். உணவு விடுதியில் இலை போட்டுப் பரிமாறுபவரைச் சர்வர் என்றழைத்துப் பழகிய நமக்கு, இப்பெயர் சற்று வேடிக்கையாக ஒலிக்கும். எனினும் பொருள் ஒன்றே. அரபியரும் இக்கணினியைக் 'காதிம்', அதாவது ஊழியன் என்றே சொல்கின்றனர். கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குவதே அதன் ஊழியம். விளையாட்டுக்குள் நுழைய விரும்பும் பிள்ளை, தன் பெயரையும் மறைசொல்லையும் தட்டெழுதுகிறான். ஊழியக் கணினி அவனை இன்னான் என்று அடையாளம் கண்டு, முன்பு அவன் எவ்விடத்தில் ஆட்டத்தை நிறுத்திச் சென்றான், கைவசம் எப்பொருள்களை வைத்திருந்தான் என்பனவற்றையெல்லாம் தன் பேரேடுகளிலிருந்து தேடியெடுத்து, அவனை உள்ளே சேர்க்கிறது. ஒருவர் நுழையும் அந்நேரமே ஊழியனுக்கு வேலை மிகுந்த நேரமாகும்.

உள்ளே சென்றபின் வேலை ஓய்ந்துவிடுவதும் இல்லை. ஒருவன் ஓரடி நகர்ந்தால் அச்செய்தி அருகிலுள்ள அனைவர்க்கும் போய்ச் சேர வேண்டும். பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால், பத்துப் பேரின் அசைவும் பத்துப் பேர்க்கும் அறிவிக்கப்பட வேண்டும். அவை 100 செய்திகள். நூறு பேர் கூடினாலோ 10,000 செய்திகள். கூட்டம் பத்து மடங்கு பெருகினால் வேலை நூறு மடங்கு பெருகுகிறது. ஆகவே, ஒவ்வோர் உலகினுள்ளும் இத்தனை பேர்க்குத்தான் இடம் என்று வரம்பு கட்டுகின்றனர். வரம்பு நிறைந்தபின் வருவோர் வாயிலில் வரிசையாக நிற்க வேண்டும். உள்ளிருந்து ஒருவர் வெளியேறினால் வெளியிலிருந்து ஒருவர் நுழையலாம். திரையில், 'உமக்கு முன் இத்தனை பேர்' என்று ஓர் எண் மட்டும் தோன்றும். அது குறையக் குறைய வாயில் நெருங்குகிறது என்று பொருள்.

நம்மிடம் அரபு இலக்கணம் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்று, இன்று பெங்களூரில் கணினித் தொழில் புரியும் மாணவர் ஒருவர் பெருநாள் விடுப்பில் நம்மைக் காண வந்திருந்தார். இத்துணைப் பெரிய நிறுவனங்கள் ஏன் வாயிலில் தடுமாறுகின்றன என்று அவரை வினவினோம்.

"ஹஜ்ரத், நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியை நினைச்சுக்குங்க" என்று தொடங்கினார் அவர்.

மண்டபத்தில் முந்நூறு பேர் அமர இடமுண்டு. அழைக்கப்பட்டோர் ஆயிரவர். அவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து உண்டு சென்றால் விருந்து அமைதியாக நடந்தேறும். ஆனால், நிக்காஹ் முடிந்து துஆ ஓதிய மறுகணமே ஆயிரவரும் ஒருசேர எழுந்து பந்திக் கூடத்தின் கதவை நெருக்கினால் என்னாகும்? அண்டாவில் சோறு நிறைந்திருக்கும். பரிமாறுவோரும் சுறுசுறுப்பானவராகவே இருப்பர். ஆயினும் பந்தி குலைந்துபோகும்.

"சோறு பத்தாம போறதில்லே ஹஜ்ரத். எல்லாரும் ஒரே நேரத்துல வந்துடறாங்க. அதுதான் சங்கதி" என்றார் அவர்.

இச்சங்கதியை முறைப்படி கணக்கிட்டுக் காட்டியவர் டென்மார்க் நாட்டு அறிஞர் ஏர்லாங் என்பார். 1878-இல் பிறந்த அவர், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்தார். ஊரார் எந்நேரத்தில் தொலைபேசியை எடுப்பர் என்பதை எவரும் முன்னறிய முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்தாலும் போதும் என்னும் அளவுக்குக் கம்பிகள் இழுக்கவோ நிறுவனத்தால் இயலாது. எத்தனை கம்பிகள் இருந்தால் எத்தனை பேர் ஏமாற்றம் அடைவர் என்பதே அவர்முன் நின்ற வினா. 1909-இல் இதுபற்றிய முதற் கட்டுரையை அவர் வெளியிட்டார். 1917-இல் வெளியிட்ட மற்றொன்றில் இருவகைக் கணக்குகளைத் தந்தார். கம்பிகள் யாவும் நிறைந்திருக்கும்போது வருபவனைத் திருப்பி அனுப்பிவிடுவது ஒரு முறை. அவனை நிறுத்திவைத்து, கம்பி ஒழிந்ததும் இணைப்பது மற்றொரு முறை. முன்னதில் எத்தனை பேர் திரும்புவர் என்பதையும், பின்னதில் எத்துணை நேரம் நிற்பர் என்பதையும் அவர் வகுத்துரைத்தார். இன்று தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கே அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

அவர் தொடங்கிவைத்த அக்கலையின் மிக எளிய கணக்கொன்றை, நம் மாணவர் தாளில் எழுதிக் காட்டினார். ஒரே ஊழியன், ஒருவர்க்குப் பரிமாறச் சராசரியாக ஒரு நிமிடம், வருவோர் முன்பின்னாக வருகின்றனர். ஊழியனின் நேரத்தில் பாதியே நிறையுமளவு கூட்டம் வந்தால், வந்தவர் ஒருவர் காரியம் முடிந்து செல்லச் சராசரியாக 2 நிமிடங்கள் ஆகும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நேரம் நிறைந்தால் 10 நிமிடங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நிறைந்தால் 100 நிமிடங்கள்! தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குக் கூட்டம் பத்திலொரு பங்குதான் கூடிற்று. காத்திருக்கும் நேரமோ பத்து மடங்காயிற்று. நிறைவை நெருங்கும் எந்த வாயிலும் இத்தன்மையதே. நேற்றுவரை செம்மையாக நடந்த ஒன்று, இன்று சிறிது கூட்டம் கூடியதும் திடுமென நிலைகுலைவது ஏன் என்பது நமக்கு இதனால் விளங்கிற்று.

அப்படியாயின் கூடுதல் கணினிகளை முன்னரே வாங்கி வைக்கலாகாதா என்ற கேள்வி எழும். வைக்கலாம், ஆனால் எத்தனை என்பதை யார் அறிவார்? 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 'போக்கிமான் கோ' என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதற்குக் கணினி வசதி வழங்கிய கூகுள் நிறுவனத்தார் பின்னர் வெளியிட்ட விவரம் இது: தாம் எதிர்பார்த்த கூட்டத்தை ஒரு பங்கு என்று கொண்டு, எல்லை மீறிப்போனால் ஐந்து பங்கு வரலாம் என்று கணித்திருந்தனர். வந்ததோ ஐம்பது பங்கு. மேலும், ஒரு விளையாட்டு வெளிவரும் முதல் வாரத்துக் கூட்டம் எப்போதும் நிலைப்பதில்லை. ஒரு நாள் கந்தூரிக் கூட்டத்துக்காக ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் விடுதியாக மாற்ற எவரும் முற்படார் அன்றோ? ஆகவே, கூட்டம் பெருகி வாயில் அடைபட்டதற்காக மட்டும் ஒருவரைக் குறை கூறுதல் நடுவுநிலை ஆகாது என்பதே நம் கருத்து.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வாயில் அடைபட்ட வேளையில் வந்து நிற்பவனிடம் என்ன சொல்லப்படுகிறது என்பதில்தான் அது இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு மே 15 அன்று 'டயாப்ளோ 3' என்னும் விளையாட்டு வெளிவந்தபோது, விலை கொடுத்து வாங்கியோர் பலர் உள்ளே நுழைய முடியாமல் நின்றனர். தனி ஒருவனாக ஆடவும் அவ்விளையாட்டில் சர்வரின் இசைவு வேண்டும். திரையில் அவர்கள் கண்டது 'பிழை 37' என்னும் ஒரு குறிப்பு. ஊழியக் கணினிகள் வேலை மிகுதியில் உள்ளன, பிறகு முயல்க என்பதே அதன் பொருள். இஃது ஏர்லாங்கின் முதல் வகை. வந்தவனைத் திருப்பி அனுப்புதல். அதில் கடுமை உண்டு. ஆனால் ஏமாற்று இல்லை. இரண்டாம் வகையில், நில், உன் முறை வரும் என்று வாக்களிக்கப்படுகிறது. இவ்விரண்டும் கலந்த மூன்றாவது நிலையொன்று உண்டு. நெடுநேரம் வரிசையில் நிறுத்திவைத்து, முறை வரும் தறுவாயில் தொடர்பை அறுத்து, மீண்டும் கடைசியில் போய் நில் என்பது அது. அதன் துன்பத்தை நாம் நம் இல்லத்திலேயே கண்டோம்.

நம் மருமகன் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் பணிபுரிகிறார். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு திங்கள் விடுப்பு. மகளும் பதினொரு வயதுப் பேரனும் நம் இல்லத்தில் இருக்கின்றனர். தொலைபேசியில் நாள்தோறும் பேசுவதுண்டு. ஆனால், பதினொரு வயதுச் சிறுவனிடம் தொலைபேசியில் எத்துணை நேரம் பேச முடியும்? "சாப்பிட்டியா? ஓதப் போனியா? பரீட்சை எப்படி?" என்பார் தந்தை. "ம்... போனேன்... நல்லா எழுதினேன்" என்பான் மகன். மூன்று நிமிடங்களில் இருவர்க்கும் சொல் தீர்ந்துவிடும். இதை அறிந்தே மருமகன் அவ்விளையாட்டைத் தேர்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர்க்குப் பகலில் ஓய்வு, மாலைக்குமேல் பணி. அங்கே பிற்பகல் மூன்றேகால் மணி, இங்கே மாலை ஐந்தே முக்கால். அந்நேரம் தொடங்கி நம் ஊரில் மஃக்ரிப் பாங்கு ஒலிக்கும்வரை, தந்தையும் மகனும் அவ்வுலகில் சந்திப்பர். அங்கே ஆற்றங்கரை ஒன்றில் இருவரும் சேர்ந்து வீடு ஒன்று கட்டி வந்தனர். கல் எடுப்பதும், கூரை வேய்வதும், எந்தப் பக்கம் சன்னல் வைப்பது என்று வழக்காடுவதுமாக அவ்வொரு மணி நேரத்தில் அவர்கள் பேசிய பேச்சு, வாரம் முழுவதும் தொலைபேசியில் பேசியதைவிட மிகுதி. விளையாட்டின் நன்மை தீமைகளை நாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. அது அவர்கட்கு ஒரு திண்ணையாயிற்று என்பதை மட்டும் சொல்லி அமைகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, அவ்விளையாட்டின் புதிய பகுதியொன்று வெளிவந்தது. ஐந்தே முக்காலுக்குப் பேரன் அமர்ந்தபோது அவனுக்கு முன் 3,000 பேர் நின்றனர். நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 பேர் நுழைவதைக் கவனித்து, அரை மணியில் முறை வந்துவிடும் என்று அவனே கணக்கிட்டான். மருமகன், ஜும்ஆ முடிந்து அறைக்குத் திரும்பிய கையோடு வரிசையில் நின்று, முன்னரே உள்ளே சென்றிருந்தார். ஆனால் உள்ளே நெடுநேரம் அசையாதிருப்போரை அவ்விளையாட்டு தானாகவே வெளியேற்றிவிடும். பிறர்க்கு இடம் வேண்டுமன்றோ! ஆகவே அவர் தம் உருவை அவ்வீட்டைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தார். "அத்தா சும்மா நின்னா வெளியே தள்ளிடுமாம் நன்னா. அதான் நடந்துக்கிட்டே இருக்காங்க" என்று பேரன் நம்மிடம் விளக்கினான்.

ஆறு மணி பதினொரு நிமிடத்தில், எண் 400-ஐ எட்டிய வேளையில், திரை கறுத்தது. இணைப்பு அறுந்தது என்றொரு வரி தோன்றிற்று. நம் வீட்டு இணையத்தில் பழுதில்லை. தம்மாமுடன் பேசிக்கொண்டிருந்த தொலைபேசி அதே இணையத்தில் தடையின்றி ஒலித்தது. மீண்டும் நுழைய முயன்றபோது அவனுக்கு முன் 5,100 பேர். தந்தை அங்கே நடந்துகொண்டேயிருந்தார். ஆறு முப்பத்தைந்துக்குப் பாங்கு ஒலித்தது. பேரன் எழுந்து நம்மோடு பள்ளிவாசலுக்கு வந்தான். அவனுடைய இடத்தை நம் மனைவியாரும் மகளும் முறை வைத்துக் காவல் செய்தனர். ஒருவர் தொழுகையில் மற்றவர் திரைமுன் அமர்ந்தார். கணினியைத் தொட்டறியாத அவன் நன்னி, தஸ்பீஹ் மணியைக் கையில் பிடித்தபடி அவ்வெண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தலும் பார்த்தலும் ஒன்றான காட்சி அது. ஏழு மணி கடந்து இரண்டு நிமிடத்தில் வாயில் திறந்தது. ஏழேகாலுக்கு மருமகன் பணிக்குச் செல்லும் வண்டி அங்கே புறப்பட்டாக வேண்டும். அன்று அவர்கட்குக் கிட்டியது பதின்மூன்று நிமிடங்கள்.

இரவு உணவின்போது பேரன் சொன்ன சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது. "காத்திருந்தது ஒண்ணும் கஷ்டமில்லே நன்னா. என் இடம் எங்கே போச்சுன்னு யாருமே சொல்லலே. அதுதான்..." என்றான். மேலே சொல்லத் தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

அவன் இடம் எங்கே போயிற்று என்று நம் மாணவரிடம் கேட்டோம். வாயிலில் நிற்பவனுக்கும் வாயிற்கணினிக்கும் இடையே இடைவிடாத தொடர்பு ஒன்று இருந்துகொண்டே இருக்க வேண்டும். கூட்டம் மிகுந்த வேளையில் அவ்விழை எளிதில் அறும். அறுந்த மறுகணமே அவன் போய்விட்டான் என்று கொண்டு இடத்தை அழித்துவிடும் கணினிகள் உண்டு. அறுந்தவன் சில நிமிடங்களுக்குள் திரும்பக் கூடும் என்று கருதி, அவன் பெயரில் ஓர் அடையாளச் சீட்டை எழுதிவைத்து, இடத்தைக் காத்துத் தரும் கணினிகளும் உண்டு. இரண்டாவதைச் செய்ய அரிய அறிவு எதுவும் வேண்டியதில்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணம் வேண்டும் என்றார் அவர். மற்றொன்றும் சொன்னார். இடம் இழந்த ஆயிரக்கணக்கானோர் உடனே மீண்டும் மீண்டும் கதவைத் தட்டுவதால், ஏற்கெனவே தள்ளாடும் ஊழியன் முற்றிலும் வீழ்ந்துவிடுகிறான். இதற்கு மருந்து பழையது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார், தீவுகளிலுள்ள கணினிகளை வானொலி வழியே இணைத்தனர். இரண்டு கணினிகள் ஒரே வேளையில் பேசினால் இரண்டின் செய்தியும் கெடும். அப்போது ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய அளவு நேரம், ஒன்று குறைவாகவும் ஒன்று கூடுதலாகவும், ஒதுங்கியிருந்து பின் பேச வேண்டும் என்று விதி செய்தனர். இன்றும் நன்கு அமைந்த விளையாட்டுகளில், அறுந்த இணைப்பு ஒரு விநாடி, இரண்டு விநாடி, நான்கு விநாடி, எட்டு விநாடி என்று இடைவெளியை இரட்டித்து, ஆளுக்கு ஆள் சற்று மாற்றியே கதவைத் தட்டுகிறது. தன் இடம் பத்திரமாக உள்ளது என்று அறிந்தவனுக்கே இவ்வாறு ஒதுங்கி நிற்க மனம் வரும்.

இடத்தைக் காப்பதும் உண்மையை உரைப்பதும் இயலாத செயல்கள் அல்ல என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்றுண்டு. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று, ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் தன் 'ஃபைனல் ஃபேன்டசி 14' விளையாட்டின் 'எண்ட்வாக்கர்' என்னும் புதிய பகுதியை முன்கூட்டி வாங்கியோர்க்குத் திறந்துவிட்டது. கூட்டம் அலைமோதியது. பலமணி நேரம் நின்றோர் பலர். வரிசையிலிருந்து அறுந்து விழுந்தோரும் பலர். அதன் தலைமை இயக்குநர் நவோகி யோஷிடா, நெரிசல் நேரும் என்று முன்னரே எச்சரித்திருந்தார். நேர்ந்தபின் காரணங்களை ஒளிவின்றி எழுதினார். கணினித் தொகுதி ஒன்றின் வரிசையில் 17,000 பேர்க்கு மேல் சேர்ந்தால் 'பிழை 2002' தோன்றும் என்றார். உலகெங்கும் நிலவிய குறைகடத்திப் பற்றாக்குறையால், பணமிருந்தும் புதிய கணினிகள் கிட்டவில்லை என்றார். மாதக் கட்டணம் செலுத்தியோர்க்கு முதலில் 7 நாள்களும், பின்னர் மேலும் 14 நாள்களும் கட்டணமின்றி வழங்கப்பட்டன. அதனினும் பெரிது, டிசம்பர் நடுவில் அந்நிறுவனம் தன் விளையாட்டின் விற்பனையையே நிறுத்திவைத்தது. உள்ளே இடமில்லாத போது மேலும் பலர்க்குச் சீட்டு விற்பது தகாது என்று, வாங்க வந்தோரின் பணத்தை வேண்டாமென்றது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்றுதான் விற்பனை மீண்டும் தொடங்கிற்று.

நம் மதரஸாக்களில் வாணிபச் சட்டம் பயிலும் மாணவர், 'ஐப்' என்னும் பாடத்தை அறிவர். விற்கும் பொருளில் குறையிருப்பின் அதை வாங்குவோனிடம் சொல்லிவிட வேண்டும் என்பதும், மறைத்து விற்றால் வாங்கியவன் அதைத் திருப்பித் தரலாம் என்பதும் அப்பாடத்தின் சாரம். தானியக் குவியலையும் ஒட்டகத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு நாம் நடத்தும் அப்பாடத்திற்கு, இனி இவ்விளையாட்டு வாயில்களையும் காட்டலாம் போலும். உள்ளே நுழைய இடமில்லாத உலகிற்குச் சீட்டு விற்பது குறையுள்ள பொருளை விற்பதன்றி வேறென்ன? அக்குறையைச் சொல்லிக் கடையை அடைத்த வணிகர், வேறு எந்நாட்டவராயினும், எச்சமயத்தவராயினும், அப்பாடத்தின்படி நடந்தவரே ஆவார்.

வரிசை என்னும் சொல்லுக்குத் தமிழில் அணியாக நிற்றல் என்பது மட்டுமே பொருளன்று. மதிப்பு, தகுதி, சீர் என்னும் பொருள்களும் அதற்குண்டு. மணமகள் வீட்டார் கொண்டுசெல்வதைச் சீர்வரிசை என்கிறோம். ஒருவர்க்கு வரிசையில் ஓர் எண்ணைத் தருவது, அவர்க்கு ஒரு மதிப்பைத் தருவதாகும். முன்வந்தவர் முன்னும் பின்வந்தவர் பின்னுமாக, செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர் என்று அவ்வெண் உறுதி கூறுகிறது. அவ்வுறுதியை நம்பியே ஒருவன் தன் நேரத்தை வாயிற்காப்போன் கையில் ஒப்படைக்கிறான். பிறர் நம்பி ஒப்படைத்ததை நாம் அமானிதம் என்போம். பொருளை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலையின் ஐம்பது நிமிடங்களை எங்கே போய் ஈட்டுவது? ஆகவே, வாயில் காப்போர் செய்யத்தக்கவை மூன்று என்று நமக்குத் தோன்றுகிறது. நெரிசல் வருமெனின் முன்னரே சொல்லுக. நிற்பவனுக்கு அவன் எண்ணை மெய்யாகக் காட்டுக. இழை அறுந்து வீழ்ந்தவன் திரும்பி வரும்வரை சிறிது நேரம் அவன் இடத்தைக் காத்துத் தருக. பெற்றோர்க்கும் ஒரு சொல். வாயிலில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து, விளையாட்டுக்கா இத்தனை வருத்தம் என்று எள்ளி நகையாட வேண்டா. அவன் வருந்துவது எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கணினிகளை மட்டும் சொல்லி முடிப்பதும் முறையாகாது. பிறரைக் காத்திருக்கச் செய்யும் வாயில்கள் நம் இல்லங்களிலும் உண்டு. 'அடுத்த பெருநாளைக்கு வந்துடுவேன்' என்று கடல் கடந்த நாட்டிலிருந்து சொல்லப்படும் சொல்லும், வரிசையில் தரப்படும் ஓர் எண்ணே. சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் பெருநாள் வருகிறது, அவர் வருவதில்லை, பிள்ளை மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போகிறான். நம் மருமகன் இதைத் தம் மனத்தில் வாங்கிக்கொண்டார் என்பது நமக்கு மகிழ்ச்சி. அதன்பின் அவர் பொதுவாக எதையும் சொல்வதில்லை. விடுப்பு எழுத்தில் உறுதியான அன்று, நாளைக் கணக்கிட்டு மகனுக்கு அறிவித்தார். இன்ஷா அல்லாஹ் என்பதையும் சேர்த்தே அறிவித்தார். பேரன் அவ்வெண்ணைக் கூடத்து நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி, ஒவ்வொரு காலையும் ஒன்றைக் குறைத்து எழுதி வருகிறான். நேற்று அது 112. இன்று காலை 111.